தாய்வழிக் கூழ்: விதைநெல்லுக்குள் இருக்கும் சைட்டோபிளாசம்

வீரிய ஒட்டு நெல் வாங்கி நட்டவர்களில் சிலர், முதல் வருஷ விளைச்சலைப் பார்த்துவிட்டு அதிலேயே நாலு மரக்கால் எடுத்து அடுத்த பிசானத்துக்கு விதையாக வைத்துவிடுவார்கள். ‘இவ்வளவு நல்லா விளைஞ்ச நெல்லு, இதைவிட நல்ல விதை எங்க கிடைக்கப் போவுது’ என்கிற எண்ணம்தான். நாற்று நன்றாகத்தான் முளைக்கும். தூரும் கட்டும். ஆனால் பூக்கிற சமயத்தில் வரப்பில் நின்று பார்த்தால் வயல் ஒரு நிதானத்தில் இருக்காது. ஒரு செடி இடுப்பளவு, பக்கத்துச் செடி முழங்கால் அளவு. ஒன்று பால் பிடித்திருக்கும், இன்னொன்று பொதியிலேயே நிற்கும். இடையிடையே சில செடிகள் பச்சைப்பசேலென்று, கதிர் பாதி உறைக்குள் மாட்டிக்கொண்டு, கடைசி வரை தலை குனியாமல் நெட்டுக்குத்தலாக நிற்கும். உருவிப் பார்த்தால் எல்லாம் சாவி.

தலை குனியாத அந்தச் செடிதான் இந்த மாதப் பாடம்.

அதைப் பற்றி நம் கூட்டங்களில் இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஹைப்ரிட் விதை மறுபடி முளைக்காது என்பது ஒன்று. அது மரபணு மாற்றிய விதை என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை. ஹைப்ரிட் நெல் முளைக்கும். அதில் ஆய்வுக்கூடத்தில் வெட்டி ஒட்டிய மரபணு எதுவும் இல்லை. எதிர்க்க வேண்டியதை எதிர்க்கிறபோது காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேளாண் அலுவலர் ஒரே கேள்வியில் நம்மை உட்கார வைத்துவிடுவார். சரியான காரணம் அந்தச் செடியின் செல்லுக்குள், உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கிறது.

செல்லுக்குள் ஓடும் வாய்க்கால்

பள்ளிக்கூடத்தில் செல் படம் வரைந்திருப்போம். ஒரு கட்டம், நடுவில் ஒரு வட்டம். வட்டம் உட்கரு. மீதி இடத்தைப் புள்ளி வைத்து நிரப்பி ‘சைட்டோபிளாசம்’ என்று எழுதிவிட்டு மதிப்பெண் வாங்கியிருப்போம். இலங்கைப் பாடப்புத்தகங்களில் அதைக் குழியவுரு என்பார்கள். அந்தப் புள்ளிகள் வெறும் நிரப்பு வேலை என்றுதான் பலருக்கும் மனதில் பதிந்திருக்கிறது.

கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ, தண்ணீர் மெதுவாகப் போகிற இடத்தில் வேலம்பாசி கிடைக்கும். அதன் இளம் இலை ஒன்றைக் கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் பாருங்கள். கொஞ்சம் வெளிச்சம் பட்டபிறகு, செல்லுக்குள் பச்சை மணிகள் சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருவது தெரியும். மணிகள் பசுங்கணிகங்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவது சைட்டோபிளாசம். 1774லேயே இத்தாலியில் கோர்த்தி என்பவர் கேரா என்கிற பாசியில் இந்த ஓட்டத்தைப் பார்த்து எழுதினார். உட்கருவுக்குப் பெயர் கிடைத்ததே 1831ல்தான். ஆக, மனிதன் உட்கருவுக்குப் பெயர் வைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே செல்லின் கூழ் ஓடுவதைப் பார்த்துவிட்டான்.

அந்தக் கூழில் பெரும்பகுதி தண்ணீர். அதில் உப்புகள், சர்க்கரை, அமினோ அமிலங்கள், ஆயிரக்கணக்கான நொதிகள். புரதம் நெய்கிற ரைபோசோம்கள். உணவைச் சமைக்கும் பசுங்கணிகங்கள். சமைத்த உணவை எரித்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியா. வேர் உறிஞ்சிய நைட்ரேட் அமினோ அமிலமாக மாறுவதன் முதல் படி இந்தக் கூழில்தான் நடக்கிறது. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், இந்தக் கூழில் கரைந்திருந்தால்தான் பல நொதிகள் வேலையே செய்யும்.

ஆற்றல் கணக்கை மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துவிடுவோம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை உடைக்கும் முதல் கட்டம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, கூழிலேயே நடக்கிறது. அதில் கிடைக்கும் ஆற்றல் நாணயம் 2. மீதியை மைட்டோகாண்ட்ரியா காற்றோடு சேர்த்து எரித்தால் மொத்தம் 30 வாக்கில் கிடைக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் நம் ஆற்றுப்பாசனத்து வாழைகள் எத்தனை அழிந்தன என்பது உங்களுக்குத் தெரியும். ஆற்று வேகம் சாய்த்தது ஒரு பங்கு. சாயாமல் நின்றும் சில நாளில் மஞ்சளாகி விழுந்தவை இன்னொரு பங்கு. தண்ணீர் தேங்கியதும் வேருக்குக் காற்று போகாது. மைட்டோகாண்ட்ரியா நின்றுவிடும். வேர்ச் செல் அந்த இரண்டு நாணயத்தில் குடும்பம் நடத்தப் பார்க்கும், கூழ் புளித்துப்போகும், வேர் செத்துவிடும். நெல்லுக்கு இலையிலிருந்து வேர் வரை காற்றுக் குழாய் இருக்கிறது, அதனால் தேங்கிய தண்ணீரில் பிழைக்கிறது. வாழைக்கு அந்த வசதி போதாது.

அந்திமந்தாரை சொன்ன சேதி

இனி விதைக்கு வருவோம். மரபணு என்றாலே உட்கருவுக்குள் இருப்பது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். நெல்லின் உட்கருவில் 12 ஜோடி குரோமோசோம்கள். எழுத்துக் கணக்கில் சொன்னால் சுமார் 39 கோடி எழுத்து. ஆனால் பசுங்கணிகத்துக்குத் தனியாக ஒரு சிறிய ஏடு இருக்கிறது, நெல்லில் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் எழுத்து. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தனி ஏடு, ஏறத்தாழ 5 லட்சம் எழுத்து. இவை இரண்டும் உட்கருவில் இல்லை, சைட்டோபிளாசத்தில் மிதக்கின்றன.

பூவில் கருவுறும்போது என்ன ஆகிறது? மகரந்தத்திலிருந்து வரும் ஆண் செல் ரொம்பச் சிறியது. அது தன் உட்கருவைக் கொடுப்பதோடு சரி. முட்டை செல்தான் பெரியது, கூழ் நிறைந்தது. ஆகவே பிறக்கும் விதையின் உட்கருவில் அப்பா பாதி, அம்மா பாதி. சைட்டோபிளாசம் மட்டும் முழுக்க அம்மாவுடையது. அம்மாவின் அம்மாவுடையது. அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது நம்ம வீட்டு வாசலில் சாயங்காலம் பூக்கிற அந்திமந்தாரை. 1909ல் ஜெர்மனியில் கார்ல் கோரன்ஸ் என்பவர், பச்சையும் வெள்ளையும் கலந்த இலையுள்ள அந்திமந்தாரையை வைத்துச் சோதித்தார். அந்தச் செடியில் ஒரு கிளை முழுப் பச்சை, ஒரு கிளை முழு வெள்ளை, ஒரு கிளை கலவை. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் சரி, பச்சைக் கிளைப் பூவில் விளைந்த விதை பச்சைச் செடிதான் தந்தது. வெள்ளைக் கிளை விதை வெள்ளையாக முளைத்துச் செத்தது. கலவைக் கிளை விதையில் மூன்று வகையும் வந்தன. அப்பா யார் என்பது ஒரு பொருட்டே இல்லை. பச்சையைத் தீர்மானித்தது தாயின் கூழில் இருந்த பசுங்கணிகம்.

விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வாழையில் பசுங்கணிகம் தாய்வழி, மைட்டோகாண்ட்ரியா தகப்பன்வழி. களக்காட்டு வாழைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். நாம் நடுவது பக்கக்கன்று, அதில் அப்பா அம்மா பேச்சே கிடையாது.

ஹைனான் தீவிலிருந்து வந்த தாய்

நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ திறக்கிற நேரத்திலேயே அதன் மகரந்தம் அதன் சூலகத்திலேயே விழுந்துவிடும். பக்கத்து வயலோடு கலப்பது நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. அதனால்தான் நம் முன்னோர் ஒரே ஊரில் பத்து ரகம் நட்டும் ஒவ்வொன்றும் தன் குணத்தோடு நின்றது.

அந்தக் குணமே ஹைப்ரிட் விதை தயாரிப்பவருக்குப் பெரிய தடை. இரண்டு ரகத்தைக் கலந்து விதை எடுக்க, தாய்ச் செடியின் ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப்பைகளைக் கையால் பிடுங்க வேண்டும். ஆராய்ச்சிக்கு அது போதும். ஏக்கர் கணக்கில் யார் பிடுங்குவது? மகரந்தமே உண்டாகாத தாய் ஒன்று வேண்டும்.

1970 நவம்பரில் சீனாவின் ஹைனான் தீவில், யுவான் லாங்பிங் குழுவைச் சேர்ந்தவர்கள் ஒரு காட்டு நெல் செடியைக் கண்டெடுத்தார்கள். அதன் மகரந்தம் பொக்கு. காரணம் அதன் சைட்டோபிளாசத்தில் இருந்தது. அந்தத் தாயை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தலைமுறையும் நாட்டு நெல்லின் மகரந்தத்தையே தூவித் தூவி, உட்கருவை முழுக்க மாற்றிவிட்டார்கள். உடம்பு சாகுபடி நெல், கூழ் காட்டு நெல். 1973ல் முறை முழுமையானது, 1976ல் சீன வயல்களுக்குப் போனது.

ஏன் மகரந்தம் உண்டாவதில்லை என்பது 2013ல்தான் தெளிவாயிற்று. அந்தக் காட்டு நெல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் கூடுதலாக ஒரு மரபணு இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம், மகரந்தப்பைக்குள் இளம் மகரந்தத்துக்குப் பால் கொடுக்கும் செல் அடுக்கில் சேர்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைக் கெடுக்கிறது. அந்த அடுக்கு காலத்துக்கு முன்பே செத்துவிடுகிறது. மகரந்தம் பட்டினியில் சுருங்கிவிடுகிறது. செடியின் மற்ற பாகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. சூலகம் நன்றாகவே இருக்கும். வெளியிலிருந்து மகரந்தம் வந்தால் மணி பிடிக்கும்.

இதை வைத்துத்தான் மூன்று வரிசை முறை. முதலாவது, மகரந்தம் இல்லாத தாய். இரண்டாவது, உட்கரு அதே, கூழ் மட்டும் சாதாரணமான ஒரு ஜோடி. தாயைப் பெருக்குவதற்கு இது மகரந்தம் கொடுக்கும். மூன்றாவது, மீட்பு வரிசை. இதன் உட்கருவில் அந்தக் கெடுதலை அடக்கும் மரபணு இருக்கிறது. தாய்க்கு மீட்பு வரிசையின் மகரந்தம் விழுந்து விளைவதுதான் பையில் அடைத்து விற்கும் ஹைப்ரிட் விதை.

விதை உற்பத்தி வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சர்க்கஸ் மாதிரி. இரண்டு வரிசை ஆண், எட்டுப் பத்து வரிசை பெண். காலையில் பூ திறக்கிற நேரத்தில் ஆண் வரிசையைக் கயிறு கட்டி இழுத்தோ கழியால் தட்டியோ மகரந்தத்தைப் பறக்க விட வேண்டும். தாய்ச் செடியின் கதிர் உறையைவிட்டு முழுசாக வெளியே வராது, அதுவும் அந்தக் கூழின் குணம். அதை வெளியே இழுக்க ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பார்கள். ஆக, இயற்கை முறையில் சாகுபடி செய்கிறோம் என்று ஹைப்ரிட் நெல் நடுகிறவர் கையில் இருப்பது, தொடக்கத்திலேயே வளர்ச்சி ஊக்கி தெளித்து எடுத்த விதை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994ல் கோ.ஆர்.எச். 1 என்கிற முதல் ஹைப்ரிட் நெல்லை வெளியிட்டது. எம்.ஜி.ஆர். நெல் என்று அதற்குப் பெயர். 1998ல் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி.ஆர்.எச். 1 வந்தது. நம் நாட்டில் வந்த ஹைப்ரிட் நெல்களில் பெரும்பாலானவை அந்த ஹைனான் காட்டு நெல்லின் கூழைச் சுமப்பவை. எத்தனை பெயர், எத்தனை கம்பெனி, எத்தனை நிறப் பை. பாட்டி ஒருத்திதான்.

இப்போது அந்தத் தலை குனியாத செடி

ஹைப்ரிட் பையிலிருந்து வந்த செடிக்குக் கூழ் தாயினுடையது, அதாவது ஆண்மை கெடுக்கும் கூழ். ஆனால் அப்பாவிடமிருந்து மீட்பு மரபணு ஒரு பிரதி வந்திருக்கிறது. அது கெடுதலை அடக்கி வைக்கிறது, கதிர் நன்றாக மணி பிடிக்கிறது. நாம் அதிலிருந்து விதை எடுத்து நட்டால், கூழ் எல்லாச் செடிக்கும் அதே கூழ்தான். மீட்பு மரபணுவோ பங்கு பிரிந்துபோகும். ஒரே மீட்பு மரபணு என்று வைத்துக்கொண்டால் நாலில் ஒரு செடிக்கு அது கிடைக்காது. தனித்தனி இரண்டு இருந்து, எது ஒன்று கிடைத்தாலும் போதும் என்றால் பதினாறில் ஒன்றுக்கு இரண்டுமே கிடைக்காது. இந்தக் காட்டு நெல் கூழுக்கு இரண்டு முக்கியமான மீட்பு மரபணுக்கள் உண்டு, இரண்டுக்கும் பலம் ஒன்றுபோல இல்லை. அதனால் வயலில் முழு மலடும் இருக்கும், அரை மலடும் இருக்கும். முழு மலட்டுச் செடிக்குப் பக்கத்துச் செடியின் மகரந்தம் கொஞ்சம் விழலாம், நாலைந்து மணி பிடிக்கலாம். அவ்வளவுதான்.

உயரம், வயது, மணியின் வடிவம் பிரிந்துபோவதற்குக் கூழ் காரணமில்லை. எந்த இரண்டு ரகத்தைக் கலந்தாலும் இரண்டாம் தலைமுறையில் அது நடக்கும். அப்படிப் பிரிந்ததில் நல்லதாகப் பொறுக்கி ஏழெட்டுத் தலைமுறை நிலைநிறுத்தினால் புது ரகம் கிடைக்கும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937லிருந்து செய்துவருவது இந்த மாதிரி வேலைதான். நம் பக்கம் கார் பருவத்தில் வரப்புக்கு வரப்பு நிற்கும் அம்பை 16, ஆடுதுறை 31ஐத் தாயாகவும் கோ 39ஐத் தகப்பனாகவும் வைத்துப் பொறுக்கி, 1986ல் வெளிவந்தது. அது ஹைப்ரிட் இல்லை. கலவன் நீக்கி வைத்தால் விதையாக வருஷக்கணக்கில் வரும். ‘ஆராய்ச்சி நிலையத்து நெல்லு எல்லாம் ஒட்டு’ என்று ஒரே தராசில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39ஆம் பிரிவில், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் பகிரவும், நிறுவனப் பெயர் போடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. போராடிப் பெற்ற உரிமை. ஹைப்ரிட் நெல்லில் அந்த உரிமை காகிதத்தில் இருக்கிறது. வயலில் அதைப் பறிப்பது மரபுப் பிரிவும் இந்தக் கூழும் சேர்ந்துதான். எந்த நீதிமன்றமும் தேவைப்படவில்லை.

ஒரே கூழைக் குடித்த மக்காச்சோளம்

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் 1950களிலிருந்து மக்காச்சோள ஹைப்ரிட் விதைக்கு டெக்சாஸ் கூழ் என்ற ஒன்றைப் பயன்படுத்தினார்கள். ஆண் பூவைக் கையால் ஒடிக்கிற கூலி மிச்சம். 1970ல் நாட்டின் மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதத்தில் அந்த ஒரே கூழ். 1961லேயே பிலிப்பைன்ஸில் அந்தக் கூழ் உள்ள செடிக்கு இலைக்கருகல் அதிகம் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1970 கோடையில் தெற்கிலிருந்து வடக்காகக் கருகல் பரவியது. நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று. ஆண்மையைக் கெடுத்த அதே மைட்டோகாண்ட்ரியப் புரதம்தான் பூஞ்சையின் நஞ்சுக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

நம்ம நாட்டுக் கம்பின் கதை இதோடு அடிக்கடி சேர்த்துச் சொல்லப்படும். 1965ல் வந்த எச்.பி. 1 முதற்கொண்டு அந்தக் காலத்து ஹைப்ரிட் கம்புகளுக்கெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த டிஃப்ட் 23ஏ என்பதே தாய். 1970-71ல் உச்சத்துக்குப் போன உற்பத்தி, அடிச்சாம்பல் நோயால் அடிபட்டு, 1974-75ல் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் இங்கே கூழ் மேல் பழி போடக் கூடாது. பிந்திய ஆய்வுகளில் அந்தத் தாயின் உட்கரு மரபணுக்கள்தான் நோய்க்கு இளகியவை என்று தெரிந்தது. பழி வேறானாலும் பாடம் வேறில்லை. எல்லா வயலுக்கும் ஒரே தாய்.

சரி, ஹைப்ரிட் இல்லாத நெல்லில் தாய்வழி பரந்து கிடக்கிறதா? அதுவும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஐ.ஆர். 8இன் தாய் இந்தோனேசியாவின் பேட்டா. பேட்டாவின் தாய் சீனா என்கிற ரகம். ஐ.ஆர். 8ஐத் தாயாகவோ பாட்டியாகவோ கொண்டு ஆசியா முழுக்கப் பரவிய ரகங்கள் எல்லாவற்றிலும் அந்த ஒரே கூழ்தான். அவை ஆண்மை கெட்டவை அல்ல, இதுவரை அந்தக் கூழால் கேடு எதுவும் வந்ததில்லை. என்றாலும் தூயமல்லியையோ ஆனைக்கொம்பனையோ ஒருவர் விடாமல் நடும்போது காப்பாற்றப்படுவது ருசியும் வைக்கோலும் மட்டுமில்லை, தனியான ஒரு தாய்வழியும்தான். கலப்பு செய்து பார்க்கிற நம் நண்பர்களுக்கு ஒரு யோசனை: நாட்டு ரகத்தைத் தகப்பனாக வைத்தால் அதன் கூழ் போய்விடும். தாயாக வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை காய்கறிக்காரர்களுக்கு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஹைப்ரிட் விதைகளில் பலவற்றுக்கு முள்ளங்கியின் கூழ். ஜப்பானில் ஒகுரா என்பவர் 1968ல் அறிவித்த மலட்டு முள்ளங்கி அது. அதைக் கோஸுக்குள் கொண்டுவந்தபோது குளிரில் இலை வெளுத்தது; முள்ளங்கியின் பசுங்கணிகம் கோஸின் உட்கருவோடு ஒத்துப்போகவில்லை. செல்சுவரை நீக்கிவிட்டு இரண்டு செல்களை ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக்கி அதைச் சரிசெய்தார்கள். இது நெல்லைப் போல வயலில் நடந்த கலப்பு இல்லை. இப்படிச் செல்களை இணைப்பது இயற்கை வேளாண்மைக்கு ஒவ்வாது என்பதுதான் உலக இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பான ஐஃபோமின் நிலை. விதைப் பையில் இதெல்லாம் அச்சிட்டிருக்காது. சுயமகரந்த, நாட்டு விதை தேடுவது ஒன்றே வழி.

ரிச்சாரியா காட்டிய வேறு வழி

ஒட்டு வீரியம் வேண்டும், விதை உரிமையும் வேண்டும் என்றால் வழியே இல்லையா? கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் ஆர்.எச். ரிச்சாரியா 1962லேயே ஒரு வழி எழுதினார். ஒட்டு நெல்லின் தூரைப் பிரித்துப் பிரித்து நட்டுப் பெருக்குவது. கரும்புக் கரணை, வாழைக் கன்று போல. தூர் வழியாகப் பெருகும் செடிக்கு மரபணு பிரிவதில்லை, மலட்டுக் கூழும் தேவையில்லை. கையால் கலந்து எடுத்த ஒரு பிடி விதை போதும். கூலியாள் வேண்டும், தூரை அடுத்த பருவம் வரை உயிரோடு வைக்கத் தண்ணீர் வேண்டும். பாபநாசம் அணைத் தண்ணீர் கார், பிசானம் இரண்டுக்கும் வருகிற வருஷங்களில் ஒரு சென்ட் அளவில் செய்து பார்க்கலாம். கம்பெனி எதுவும் இதில் அக்கறை காட்டாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் மத்தியப் பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான நாட்டு நெல் ரகங்களைச் சேகரித்தவரும் அவரே.

காய்ந்த விதைக்குள் கண்ணாடி

விதைநெல்லைக் காயவைக்கும்போது சைட்டோபிளாசத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தண்ணீர் குறையக் குறைய, கூழில் உள்ள சர்க்கரையும் புரதமும் நெருங்கி இறுகி, ஒரு கட்டத்தில் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. கல்கண்டு மாதிரி இல்லை, உறைந்த பாகு மாதிரி. அந்த நிலையில் ஓட்டம் நின்றுவிடும், நொதிகள் அசையாது, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு கெடுவது மெதுவாகும். ஈரம் ஏறினால் கண்ணாடி இளகும், கிழடு தட்டுவது வேகமாகும். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிஞர் ஒரு வாய்ப்பாடு சொன்னார். 14க்கும் 5க்கும் இடையில் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பு. வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பு. 14 சதவீதத்தில் கட்டி வைக்கிற விதையை 12க்குக் காயவைத்தால் ஆயுள் நாலு மடங்கு. சான்று விதைக்கு நெல்லில் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கார் அறுவடை மழை மேகத்தோடு வருவது, பிசான அறுவடை பங்குனி வெயிலில் முடிவது. இரண்டில் விதைக்கு எது என்று கேட்டால் கிழவர்கள் யோசிக்காமல் பிசானம் என்பார்கள். காய்ந்த விதையை வைக்கோல் புரி சுற்றிக் கோட்டை கட்டிச் சாணி மெழுகி வைத்ததும் கண்ணாடி இளகாமல் இருக்கத்தான். நிலத்தையே கோட்டை விதைப்பாடு என்று அளந்த ஊர் இது.

நீங்களே பார்க்க

வயலில் ஒரு செடி மலடா என்று பூக்கும்போதே கண்டுபிடிக்கலாம். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூ திறக்கும். நல்ல செடியில் மகரந்தப்பை தடித்து மஞ்சளாக இருக்கும், தட்டினால் பொடி உதிரும். மலட்டுச் செடியில் வெளுத்து ஒல்லியாக, தட்டினாலும் ஒன்றும் விழாது.

இன்னும் உறுதி வேண்டுமானால் பள்ளிக்கூட நுண்ணோக்கி போதும். அன்று திறக்கப்போகிற பூவைத் திறப்பதற்கு முன்பே பறித்து, மகரந்தப்பையைக் கண்ணாடித் துண்டில் வைத்து நசுக்கி, மருந்துக்கடை டிங்ச்சர் அயோடினை நீர்க்கக் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். மாவு நிறைந்த நல்ல மகரந்தம் உருண்டையாகக் கறுத்துத் தெரியும். மலட்டு மகரந்தம் கறுக்காது, மஞ்சளாகச் சுருங்கிக் கோணலாகக் கிடக்கும். ஒரே செடியில் இரண்டும் கலந்திருந்தால் அது அரை மலடு.

விதைநெல் ரகம் என்று சொல்லி யாராவது கொடுத்ததில் இப்படிச் செடிகள் தென்பட்டால், அது எங்கேயோ ஹைப்ரிட் வயலிலிருந்து வந்தது என்று சந்தேகப்படலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். பூக்கும்போது கடும் வெயிலோ குளிரோ அடித்தாலும் நல்ல ரகத்திலும் மகரந்தம் கெடும். அப்போது வயல் முழுக்க ஒரே சீராகப் பதர் விழும். கூழ் காரணமென்றால் ஒரு செடி முழுக்கச் சாவியாகவும், அதைத் தொட்டு நிற்கும் செடி நிறைய மணியாகவும் இருக்கும். அந்தச் செடிகளைப் பிடுங்கி எறிந்தால் மட்டும் தீராது. மணி பிடித்த செடிகளிலும் அதே கூழ் இருக்கிறது. அந்த வயலை அறுத்து அரிசியாக்கிச் சாப்பிடுங்கள். விதைக்கு, கதிர் கதிராகப் பொறுக்கி வைத்த வேறு வயலிலிருந்து வாங்குங்கள். கொடுப்பவரிடம் ரகத்தின் பெயரோடு, அதன் தாய் எது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.